மலைக்கள்ளனுக்கு ஆறு முகம்: ‘சேலம் ஏரியா’வும் அதிரடிப் படமும்

கேள்வி

பெரிய நாயகனின் படம் வெளியாகும் வாரத்தில் சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையிலோ நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலோ கால்மணி நேரம் நின்றால் போதும். படத்தின் விமர்சனம் முழுவதும் காதில் விழுந்துவிடும். முதல் பாதி தெறி, இரண்டாம் பாதி ‘லேக்’. இன்டர்வெல் பிளாக்குக்கே கொடுத்த காசு சரியாப் போச்சு. வில்லனுக்கு பில்ட்-அப் அதிகம், அடி வாங்குவது சீக்கிரம். கதை? அதை யார் கேட்டது? இப்படிப் போகும் பேச்சு கடைசியில் எண்ணுக்கு வந்து நிற்கும்: ‘சேலம் ஏரியா எவ்வளவு?’

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு வரலாற்றுக் கருத்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொழி எல்லை தாண்டும் பெரிய அதிரடிப் படம் 2015இல் ‘பாகுபலி’யோடு வந்தது என்பதும், ‘கே.ஜி.எஃப்.’ அதை உறுதிப்படுத்தியது என்பதும், அதற்கு முன் தமிழ்ப் படம் தமிழருக்கு மட்டும் ஓடியது என்பதும் அதன் சாரம். இந்தப் பாய்ச்சலில் கதை பலியாகிவிட்டது என்று வருந்துபவர்களும் அதே காலக்கணக்கைத்தான் நம்புகிறார்கள். அந்தக் கணக்கு சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதைச் சோதிக்கச் சேலம்–நாமக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. தமிழ் அதிரடிப் படம் வார்க்கப்பட்ட ஒரு பட்டறை இங்கே ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்தது. ஆறு மொழிகளில் படமான சாகசக் கதை ஒன்றை எழுதியவரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்தான்.

ஆய்வுகள் விட்ட இடம்

தமிழ் ரசிகரைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் எளிய மக்களிடம் எவ்வாறு அரசியல் செல்வாக்காக மாறியது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில் கடுமையாக ஆராய்ந்தார். அடுத்த ஆண்டே சாரா டிக்கி, மதுரையின் உழைக்கும் மக்களுக்கும் சினிமாவுக்கும் இடையிலான உறவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தெலுங்கு ரசிகர்களைப் பற்றி எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் எழுதியவையும் இவ்வரிசையில் முக்கியமானவை. இவற்றின் அக்கறை பெரும்பாலும் ரசிகர் என்ன செய்கிறார் என்பதில்தான்: மன்றம் வைப்பது, கட்சிக்குப் போவது, வாக்களிப்பது. படத்தைப் படமாகப் பார்த்து அவர் சொல்லும் கருத்துக்கு, அந்த ‘லேக்’குக்கும் ‘தெறி’க்கும், விமர்சனம் என்ற தகுதி எளிதில் கிடைக்கவில்லை.

மறுபக்கம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுவது ‘முதல்’களின் பட்டியல். முதல் மலையாளப் பேசும்படம் (‘பாலன்’, 1938), தமிழில் முதல் இரட்டை வேடம் (‘உத்தம புத்திரன்’, 1940), முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம் (‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956), முதல் மலையாள வண்ணப்படம் (‘கண்டம் பெச்ச கோட்டு’, 1961). பட்டியல் பெருமைக்கு உதவும். அந்த நிறுவனம் ஏன் திரும்பத் திரும்பக் கத்தியையும் துப்பாக்கியையும் நாடியது என்ற கேள்விக்கு உதவாது.

ஏரியா என்னும் பழைய வரைபடம்

‘ஏரியா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு விநியோகத் தொழில் மாநிலத்தைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, வட தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், நெல்லை–குமரி எனப் பிரித்து வைத்திருக்கிறது. இதில் சேலம் ஏரியா என்பது இன்றைய சேலம் மாவட்டம் மட்டுமல்ல. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. வருவாய்த் துறை மூன்று முறை கோடு கிழித்துவிட்டது. சினிமாக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பழைய சேலம் ஜில்லா அப்படியே இருக்கிறது.

இந்த வரைபடம் ரசிகரின் கருத்தையும் வடிவமைத்தது. படச்சுருள் காலத்தில் பிரதிகள் எண்ணிக்கை குறைவு. சேலம் நகரத்தில் ஓடி முடிந்த பிறகுதான் படப்பெட்டி ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் போகும். அங்கிருந்து சிற்றூர் டெண்டு கொட்டகைக்குப் போக இன்னும் பல மாதங்கள் ஆகும். கொட்டகைத் தரையில் உட்கார்ந்தவருக்குப் படம் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்திருக்கும். சண்டை எந்த இடத்தில் வரும், யார் யாரைக் குத்துவார் என்பதெல்லாம் தெரிந்தே டிக்கெட் எடுத்தார்கள். தெரிந்த சண்டையை மறுபடி பார்ப்பதில் சலிப்பு இல்லை. கூத்தில் துரியோதனன் விழுவது யாருக்குத்தான் தெரியாது?

டிஜிட்டல் திரையிடல் வந்தபின் நகரத்துக்கும் சிற்றூருக்கும் ஒரே காலைப்பொழுதில் படம் இறங்குகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான மூன்று நாள் வசூலில் தலையெழுத்து முடிவாகிறது. கருத்தும் அந்த மூன்று நாளுக்குள் சொல்லப்பட்டாக வேண்டும். ‘லேக்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு அதிகாரம் வந்ததற்கு இந்த அவசரமும் காரணம்.

அடிவாரத்துத் தொழிற்சாலை

மாடர்ன் தியேட்டர்ஸை 1930களின் நடுவில் நிறுவிய டி.ஆர். சுந்தரத்திடமே இந்தச் சமவெளியின் இரு பாதிகளும் உண்டு. பெயரின் ‘டி’ என்பது இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோடு. ஸ்டூடியோ இருந்ததோ சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில். 1907இல் பிறந்த அவர் இங்கிலாந்தின் லீட்ஸில் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். சினிமாவுக்கு வந்த பிறகும் அவர் ஆலைக்காரராகவே இருந்தார் என்பது இக்கட்டுரையின் வாசிப்பு. சென்னையிலிருந்து இவ்வளவு தூரத்தில் தளம், ஆய்வகம், நடிகர், எழுத்தாளர் அனைவரையும் ஒரே வளாகத்தில் சம்பளத்துக்கு வைத்திருப்பவருக்குத் தறி நின்றால் நஷ்டம். முதல் படமான ‘சதி அகல்யா’ 1937இல் வந்தது. தொடர்ந்து பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. அந்த வேகத்துக்குப் புராணம் மட்டும் போதாது. ஊரெங்கும் உடனே விலைபோகும், திரும்பத் திரும்ப நெய்யக்கூடிய சரக்கு வேண்டும். சாகசக் கதை அப்படிப்பட்ட சரக்கு.

நூல் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தது. அலெக்ஸாந்தர் துமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையை ஹாலிவுட் 1939இல் படமாக்கியது. அடுத்த ஆண்டு தீபாவளிக்குச் சேலத்தின் ‘உத்தம புத்திரன்’ திரைக்கு வந்துவிட்டது. ஹாலிவுட்டில் 1948இல் வந்த ‘தி கேலன்ட் பிளேடு’, 1951இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘சர்வாதிகாரி’ ஆனது. பிரெஞ்சு உளவாளி ஓ.எஸ்.எஸ். 117இன் பாங்காக் சாகசம் 1964இல் வந்தது. 1966இல் அது ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’. கடல் தாண்டி வந்த கதை சேலத்தில் வேட்டி கட்டிக்கொள்ள ஒன்று முதல் மூன்று ஆண்டுகளே போதுமானதாக இருந்தன.

‘காப்பி’ என்று இதைத் தள்ளிவிடலாம். இன்றைய ரசிகரும் ஒரு படம் வெளியான அன்றே மூலத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார். ஆனால் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கதையை இரவல் வாங்கியவர்களால் உடம்பை இரவல் வாங்க முடியவில்லை. ‘உத்தம புத்திர’னில் பி.யு. சின்னப்பா இரு வேடங்களிலும் தானே பாடினார். நாடக மேடையில் பாட்டையும் சிலம்பத்தையும் சேர்த்துப் பழகிய உடம்பு அது. கத்திச் சண்டைக்கு நடுவே பாட்டும் என்.எஸ். கிருஷ்ணன்–மதுரம் நகைச்சுவையும் வந்தபோது படத்தின் எலும்பு மட்டுமே அயலூருக்குச் சொந்தமாக இருந்தது, சதை உள்ளூர்.

ஸ்டூடியோ எதிர்த்திசையிலும் வியாபாரம் பார்த்தது. 1952இல் ஹாலிவுட்டின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தது. ராட் கேமரன், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் நடித்த அப்படத்தில் அழிந்துபோன மாமத் யானைகளைக் காட்ட வேண்டியிருந்தது. நம்மூர் யானைகளுக்கு முடி போர்த்தி நடக்கவிட்டார்கள். கிராஃபிக்ஸ் சரியில்லை என்று இன்று முகம் சுளிப்பவர்கள் அந்த யானைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தத் தொழிற்சாலையின் சாதனை எது என்று கேட்டால் பொதுவாக ‘அலிபாபா’வைச் சொல்வார்கள். கேவாகலர், எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு என்று அதற்குத் தகுதி உண்டுதான். ஆயினும் அதிரடியை அளக்க ‘மந்திரி குமாரி’ (1950) இன்னும் கூர்மையான சான்று. எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கிய படம், மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். தளபதி. கத்திகள் நிறையவே மோதுகின்றன. ஆனால் எழுபது ஆண்டுகள் கழித்தும் மக்கள் நினைவில் நிற்கும் இடத்தில் தளபதியும் இல்லை, கத்தியும் இல்லை. கொல்வதற்காக மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான் பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்). சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம் வர அனுமதி கேட்கிறாள் அமுதவல்லி (மாதுரி தேவி). சுற்றி வருகிறாள், பின்னாலிருந்து தள்ளுகிறாள்.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதைதான் அது. பல நூற்றாண்டுகளாக இங்கே புழங்கிய கதைத் திருப்பம் ஒன்று, ஹாலிவுட் பாணிக் கத்திச் சண்டைப் படத்தின் உச்சமாக அமைந்துவிட்டது. அக்காட்சி ஏற்காட்டு மலையில் படமானது என்று சேலத்துக்காரர்கள் சொல்வதில் இடத்தின் பெருமை மட்டும் இல்லை. மோதல் என்றால் இரு தோள்கள் இடிப்பது என்ற எண்ணத்தை அந்த ஒரு தள்ளல் கலைக்கிறது. கதை வேறு, சண்டை வேறு என்று இன்றைய பேச்சு போடும் கோடு அங்கே இல்லை. அந்தத் தள்ளலே கதை.

அறுபதுகளில் சரக்கு மாறியது. 1963இல் சுந்தரம் மறைந்தார். அவர் மகன் ஆர். சுந்தரம் இயக்கிய ‘வல்லவன் ஒருவன்’, பின்னர் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற படங்கள் ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பெயரை வாங்கித் தந்தன. அரண்மனை போய் ஓட்டல் அறை வந்தது, கத்தி போய்த் துப்பாக்கி வந்தது, வேதாவின் இசையில் இந்தி மெட்டுகள் தமிழ் பேசின. உச்ச நட்சத்திரத்தின் தேதிக்குக் காத்திருக்காமல் சுறுசுறுப்பாக எடுத்து முடிக்கும் படங்கள் இவை. கலை நுணுக்கம் தேடுபவர் ஏமாறுவார். ஆனால் ‘விறுவிறுப்பு’ என்ற சொல்லை ஒரு தலைமுறையின் அளவுகோலாக நிலைநிறுத்தியதில் இந்தப் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று ‘லேக்’ என்று சொல்லப்படுவது அந்த விறுவிறுப்பின் குறைதான். புதுச் சொல், பழைய தராசு.

மலைக்கள்ளன் போன வழி

இனி மையச் சான்றுக்கு வருவோம். மோகனூரில் 1888இல் பிறந்து, 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரான நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையைப் பள்ளிப் பாடங்கள் தேசியக் கவிஞராக மட்டுமே அறிமுகப்படுத்துகின்றன. அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவல் வேறு ஆளைக் காட்டும். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் மலைக்கள்ளன், ஊருக்குள் மதிப்புள்ள வணிகராக உலவும் அப்துல் ரஹீம், இருவரும் ஒருவரே என்பது அதன் முடிச்சு. நாவலைக் கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எம்.ஜி.ஆர்.–பானுமதியை வைத்துப் படமாக்கினார். தமிழ்ப் படத்துக்குக் கிடைத்த முதல் குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் அதற்குத்தான்.

பதக்கத்தைவிட முக்கியமானது பயணம். அதே 1954இல் தெலுங்கில் ‘அக்கி ராமுடு’, என்.டி. ராமராவ் நாயகன். 1955இல் இந்தியில் ‘ஆசாத்’, திலீப்குமார்–மீனாகுமாரி. சோக நாயகனாகவே அறியப்பட்ட திலீப்குமார் அந்தப் பாரத்திலிருந்து விலகி இலகுவான வேடம் தேடியபோது ஏற்ற படம் அது. பெரும் வெற்றியும் பெற்றது. 1957இல் கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’, மலையாளத்தில் ‘தஸ்கரவீரன்’, சிங்களத்தில் ‘சூரசேன’. ஆக நான்கே ஆண்டுகளில் ஆறு மொழிகள். ‘பாகுபலி’க்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், காவிரிக்கரை மோகனூர்க்காரர் ஒருவரின் கள்ளன் இமயம் முதல் இலங்கை வரை போய்வந்துவிட்டான்.

அப்படியானால் ரசிகரின் காலக்கணக்கு தவறு. ஆனால் அவர் ஏதோ ஒரு புதுமையை உணர்ந்துதான் அப்படிச் சொல்கிறார், அது எது?

மலைக்கள்ளனுக்கு ஆறு மொழியிலும் ஆறு முகம். ஒவ்வொரு மொழியும் தன் நாயகனைக் கதைக்குள் வைத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். ஆந்திரத்துக்குப் போகவில்லை, திலீப்குமார் மதுரைக்கு வரவில்லை. கதை மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. இன்றைய பெரிய அதிரடிப் படம் குரல்மாற்றத்தில் போகிறது: கன்னட நடிகர் யஷ் ஒருவரே, தெலுங்கு நடிகர் அல்லு அர்ஜுன் ஒருவரே, நாக்கு மட்டும் மாறுகிறது. அன்று கதை பயணம் செய்தது. இன்று நாயகனின் உடம்பு பயணம் செய்கிறது. உள்ளூர் நாயகன் துணையின்றிப் புதிய ஊரில் இறங்கும் உடம்புக்கு அறிமுகம் தேவை. பில்ட்-அப், மெதுநடை, காதைப் பிளக்கும் பின்னணி இசை எல்லாம் அந்த அறிமுகச் செலவு. இரண்டு மணி நேரத்தில் பாதியை அறிமுகம் தின்றால் கதைக்கு எவ்வளவு மிஞ்சும்?

மாற்றுச் சான்று

இந்த விளக்கத்துக்கு எதிராக ஒரு பெரிய படம் நிற்கிறது. எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ 1948இல் தமிழில் வந்து, அதே ஆண்டு இறுதியில் இந்திக்கும் போனது. முரசு நடனமும் நீண்ட கத்திச் சண்டையும் டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் ஆகியோரும் இரண்டு மொழியிலும் அப்படியே இருந்தனர். உடம்பு பயணம் செய்தது அன்றும் நடந்திருக்கிறது.

ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். மறுபடியும் துமாவின் கதை ஒன்றைத் தழுவி வாசன் 1949இல் எடுத்த ‘அபூர்வ சகோதரர்க’ளில் இரட்டை நாயகன் எம்.கே. ராதா. அதன் இந்தி வடிவமான ‘நிஷா’னில் அந்த இடத்தில் ரஞ்சன். இரண்டிலும் நாயகி பானுமதி. ‘மலைக்கள்ள’னிலும் ‘அக்கி ராமுடு’விலும் கூட நாயகன் மாறினான், பானுமதி மாறவில்லை. ‘சந்திரலேகா’வுக்குப் பின் வாசனே நாயகனை மாற்றும் முறைக்குத் திரும்பியது, எந்த வழி பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டுகிறது. பானுமதி தெலுங்கும் தமிழும் தடையின்றிப் பேசுபவர் என்பது ஒரு காரணம். ரசிகரின் விசுவாசம் நாயகனின் முகத்தில்தான் கட்டப்பட்டிருந்தது, நாயகியின் முகத்தில் அல்ல என்பது அவ்வளவு இனிப்பில்லாத இன்னொரு காரணம்.

கைதியின் லாரி

அண்மைப் படங்களில் இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைக் கட்டுவார்கள், சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள் நிறைந்த தெருக்கள் உண்டு. இந்த ஊர்களின் பார்வையாளருக்கு லாரி வெறும் பின்னணிப் பொருளாகத் தெரியாது. பத்தாண்டுச் சிறை முடிந்து மகளைப் பார்க்கப் போகும் தில்லி (கார்த்தி), மயங்கிக் கிடக்கும் காவலர்களை ஏற்றிக்கொண்டு ஓரிரவு முழுக்க லாரி ஓட்டுகிறான். பாட்டு இல்லை, நாயகி இல்லை. லோகேஷ் கனகராஜின் இந்தப் படத்தில் ஒவ்வொரு சண்டையும் லாரி நிற்கும் காரணத்திலிருந்து பிறக்கிறது. லாரி நகர்ந்தால் கதை நகர்கிறது. ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிக்கு அருகில் வைக்கத் தகுந்த அமைப்பு இது.

அதே இயக்குநரின் ‘விக்ரம்’ (2022), சுஜாதா எழுதி 1986இல் கமல் நடித்த ‘விக்ர’மின் உளவாளியை மீண்டும் எழுப்பியது. சேலத்து சி.ஐ.டி. படங்களின் தூரத்துப் பேரன் என்று அவனைச் சொல்லலாம். ‘லியோ’ (2023) ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ என்ற 2005ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைத் தழுவியது. அதன் இரண்டாம் பாதி முன்கதை ‘லேக்’ என்று பரவலாகத் தீர்ப்பானது. மூலக்கதையில் நாயகனின் பழைய வாழ்க்கை பெரும்பாலும் நிழலில் இருக்கும். பெரிய நாயகனுக்கு நிழல் போதாது. முன்கதை வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும், அதில் ஆட்டமும் பாட்டும் வேண்டும். ரசிகர் சரியான இடத்தில்தான் நெளிந்திருக்கிறார். அந்த முன்கதையைக் கேட்டது தன்னைப் போன்றவர்களின் நாயக மோகம்தான் என்பதை அவர் சொல்வதில்லை, அவ்வளவே.

நாயகனோடு இன்னொன்றும் இப்போது பயணம் செய்கிறது: சண்டை. ‘கே.ஜி.எஃப்.’ முதல் பாகத்துக்காகத் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்ட அன்பறிவ் இரட்டையரே ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ படங்களின் மோதல்களையும் அமைத்தனர். கோலார் சுரங்கமும் தமிழ்நாட்டு நெடுஞ்சாலையும் ஒரே கையால் கோக்கப்படும்போது படங்கள் ஒன்றுபோல் தெரிவதாக ரசிகர் குறைப்படுவதில் ஆதாரம் உண்டு.

‘கைதி’ தெலுங்குக்குக் குரல்மாற்றத்தில் உடனே போனது. இந்திக்கு மட்டும் பழைய முறையிலும் போயிற்று: 2023இல் அஜய் தேவ்கன் தாமே இயக்கி நடித்த ‘போலா’. பாடல்கள் சேர்ந்தன, நாயகனுக்குக் காதல் முன்கதை சேர்ந்தது, தமிழில் இல்லாத எடை கூடியது. ஆயினும் குரல்மாற்றத்தால் செய்ய முடியாத ஒன்றும் அதில் நடந்தது. காயத்தோடு லாரியில் நாயகனுக்கு அருகில் உட்கார்ந்து வரும் காவல் அதிகாரி தமிழில் நரேன். இந்தியில் அந்த இருக்கையில் தபு உட்கார்ந்திருந்தார்.